ஆசிரியப் பயிற்சி மாணவர்கள் கடல் கடந்து தீவுப் பள்ளிகளில் தன்னார்வமாகக் கற்பிப்பது: போகலாமா?

கருங்கல்_மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இயற்பியலில் பட்டம் பெற்ற நான், நம் குமரி மாவட்டத்துக் கல்வியியல் கல்லூரி ஒன்றில் பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பதினாறு வாரப் பள்ளிப் பயிற்சி முடியும் தறுவாயில் இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் வழியாக ஓர் அறக்கட்டளையின் அறிவிப்பு எங்கள் வகுப்புக்கு வந்தது. ஆசிரியப் பயிற்சி மாணவர்களை வெளிநாட்டுத் தீவுப் பள்ளிகளுக்கு ஆறு வாரம் தன்னார்வப் பணிக்கு அனுப்புவதாகவும், யாழ்ப்பாணத்தை அடுத்த தீவுகள் அல்லது மாலத்தீவு என இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்றும் அதில் இருந்தது. பயணச் செலவு நம்முடையது. அதற்கு மேல் ஒருங்கிணைப்புச் செலவு என்று அறுபதாயிரம் ரூபாய் கட்ட வேண்டும். திரும்பியதும் சான்றிதழ் தருவார்களாம்.

அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறார். மழை பிடித்தால் வெட்டு நின்றுவிடும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆகவே அறுபதாயிரம் எங்கள் வீட்டில் சிறிய தொகை அல்ல. இருந்தும் அம்மா, "போக ஆசை இருந்தால் போ, நகையை வைத்துக்கொள்ளலாம்" என்கிறார். இந்தப் பணி பின்னாளில் வேலைக்கு உதவுமா, அங்குள்ள பிள்ளைகளுக்கு என்னால் உண்மையில் ஏதேனும் பயன் உண்டா, போவதென்றால் எதைப் படித்துக்கொண்டு போக வேண்டும் என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன். யாழ்ப்பாணம் என்றால் மொழிச் சிக்கல் இராது என்பதால் என் மனம் அந்தப் பக்கமே சாய்கிறது.

நாஞ்சில்_வாத்தியார் எழுதியது:

மக்களே, முதலில் வேலைக் கணக்கைப் பார்த்துவிடுவோம், அது சுருக்கமானது. 2014 ஆம் ஆண்டின் தேசிய ஆசிரியர் கல்விக் குழும விதிமுறைகளின்படி இரண்டாண்டு பி.எட். படிப்பில் பள்ளியோடு இணைந்த பயிற்சி இருபது வாரம். முதல் ஆண்டில் நான்கு, இரண்டாம் ஆண்டில் பதினாறு. அது கல்லூரி ஒதுக்கும் பள்ளியில், வழிகாட்டி ஆசிரியரின் பார்வையில் நடக்க வேண்டியது. நீங்களாகப் போய்வரும் ஆறு வாரம் அந்தக் கணக்கில் சேராது. அரசுப் பள்ளி வேலைக்குத் தகுதித் தேர்வும் அதற்குப் பின் போட்டித் தேர்வும் உண்டு. தன்னார்வச் சான்றிதழுக்கு அவற்றில் மதிப்பெண் கிடையாது. ஏதேனும் தனியார் பள்ளி நேர்காணலில் ஒரு நல்ல பேச்சுப் பொருளாக அது அமையலாம். அதற்கு அறுபதாயிரமும் அம்மாவின் நகையும் அதிக விலை.

அடுத்து, அந்த அறக்கட்டளையிடம் ஒரே ஒரு காகிதம் கேளுங்கள். இன்ன வகுப்புக்கு, இன்ன பாடத்துக்கு, இன்ன மாதத்தில் ஆள் தேவை என்று அந்தத் தீவுப் பள்ளியின் தலைமையாசிரியர் எழுதிய கடிதம் அவர்கள் கையில் இருக்கிறதா? இருந்தால் மேலே பேசலாம். இல்லாவிட்டால், பள்ளிக்கு ஆள் தேடவில்லை, ஆளுக்குப் பள்ளி தேடுகிறார்கள் என்று பொருள்.

நான் முப்பத்து நான்கு ஆண்டு பணியாற்றியவன். ஒரு முறை நான் இருந்த பள்ளிக்கு அயல்நாட்டுக் கல்லூரி மாணவர்கள் மூன்று வாரத்துக்கு வந்தார்கள். நல்ல பிள்ளைகள், அன்பானவர்கள், குறை சொல்ல மாட்டேன். ஏழாம் வகுப்புக்குப் பாட்டும் விளையாட்டுமாக ஆங்கிலம் கற்பித்தார்கள். அவர்கள் போன அன்று குழந்தைகள் அழுதார்கள். மறுவாரம் காலாண்டுத் தேர்வு. கணக்கில் ஒரு முழுப் பாடம் நடத்தப்படாமல் கிடந்தது, அதை நான் சனிக்கிழமைகளில் நடத்தி முடித்தேன். வந்தவர்களுக்கு அந்தச் சனிக்கிழமைகள் தெரியாது. தெரிய வாய்ப்பும் இல்லை.

நம் மாவட்டம் இந்த விஷயத்தில் ஒரு காலத்தில் பெற்றுக்கொண்ட பக்கத்தில் இருந்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள். இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த ரிங்கல்தௌபே 1806 இல் மயிலாடிக்கு வருவதற்கு முன்னால் தரங்கம்பாடியில் தங்கித் தமிழ் படித்தார். வந்த பிறகு பத்தாண்டு இருந்தார். சமயத்தைப் பற்றி யாருக்கு எந்தக் கருத்து இருந்தாலும் இருக்கட்டும். வேற்றூரில் கற்பிக்க வந்தவர் முதலில் மாணவராக இருந்தார் என்பதை மட்டும் சொல்கிறேன். ஆறு வாரத்தில் அதற்கு எங்கே இடம்?

அட்டோல்_ஆசிரியை எழுதியது:

நான் மார்த்தாண்டம் பக்கத்துக்காரி. மாலத்தீவில் ஒன்பது ஆண்டு ஆசிரியையாக இருந்துவிட்டுத் திரும்பினேன். நம் மாவட்டத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் அங்கே போய்ப் பள்ளிகளில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள் ஏராளம். எங்கள் தெருவிலேயே நான்கு வீடு உண்டு. அதனால் என் முதல் கேள்வி இதுதான், தங்கச்சி: சம்பளம் கொடுத்து ஆசிரியர்களை அழைக்கும் நாட்டுக்கு, நாம் பணம் கட்டிப் போய் இலவசமாகக் கற்பிப்பது ஏன்?

அந்த நாட்டில் ஏறத்தாழ 1,200 தீவுகள் இருந்தாலும் மக்கள் குடியிருப்பவை இருநூறுக்கும் குறைவு. நான் இருந்த தீவை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இருபது நிமிடத்தில் நடந்துவிடலாம். பள்ளியில் ஒரு வகுப்புக்குப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளே இருந்தார்கள். பெரும்பாலான பாடங்கள் ஆங்கில வழியில் நடக்கும். திவெகி மொழியையும் இஸ்லாம் பாடத்தையும் அந்நாட்டு ஆசிரியர்களே நடத்துவார்கள். திவெகியின் எழுத்தான தானா வலமிருந்து இடமாக எழுதப்படுவது. குழந்தை தன் பெயரை இரண்டு திசையிலும் எழுதப் பழகுகிறது என்பது எனக்கு முதல் ஆண்டில் புரியவில்லை. எண்களின் வரிசையைப் புரட்டிப் போட்ட ஒரு சிறுவனைக் கவனமில்லாதவன் என்று நான் கடிந்துகொண்டது இன்றைக்கும் உறுத்துகிறது. வெள்ளியும் சனியும் விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை வேலைநாள். பிற சமயங்களின் வெளிப்படையான வழிபாட்டுக்கு அங்கே இடமில்லை. வழிபாட்டுச் சிலைகளைக் கொண்டுபோகவும் தடை உண்டு. நம் ஊரிலிருந்து போகிற இந்து, கிறித்தவப் பிள்ளைகள் பெட்டி கட்டும்போதே இதை அறிந்திருக்க வேண்டும்.

முதல் மூன்று மாதம் நான் அந்தப் பள்ளிக்குப் பாரமாகவே இருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. அரிசி வரும் படகு எப்போது வரும், எந்தப் பிள்ளை யாருடைய பேரன், தலைமையாசிரியர் எதற்குச் சிரிக்கிறார் என்று எதுவும் தெரியாமல் பாடம் மட்டும் நடத்துவதால் அதிகப் பயன் இல்லை. நான்காம் மாதத்திலிருந்துதான் கற்பிக்கத் தொடங்கினேன். ஆறு வாரம் என்றால் நீங்கள் திரும்பும்போது என் கணக்கில் பாதித் தூரம்கூடத் தாண்டியிருக்க மாட்டீர்கள்.

இன்னொன்று. சுற்றுலாப் பயணியாக நுழைந்து பள்ளியில் வேலை செய்வது, சம்பளம் இல்லாவிட்டாலும், சிக்கலில் கொண்டுபோய் விடும். எந்த வகை விசா என்பதை அந்த அறக்கட்டளை எழுத்தில் சொல்லட்டும்.

கோதையாற்றுக்காரன் எழுதியது:

எனக்கு இந்த உரையாடல் முழுவதுமே வியப்பாக இருக்கிறது. தீவுப் பள்ளிக்குப் போக விமானம் எதற்கு? பேச்சிப்பாறை அணை 1906 இல் கட்டி முடிக்கப்பட்ட நாளிலிருந்து, நீர்த்தேக்கத்தின் மறுகரையில் உள்ள காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகள் சிலவற்றுக்குப் படகுதான் வழி. தோடுமலை, தச்சமலைப் பக்கத்துப் பிள்ளைகள் படகேறி வந்து படிப்பதை நீங்கள் பார்த்ததுண்டா? தண்ணீர் ஏறினாலும் சிக்கல், இறங்கினாலும் சிக்கல். காட்டு யானை வழியில் நின்றால் அன்றைக்குப் பள்ளி இல்லை. அவர்கள் வீட்டில் பேசுவது புத்தகத் தமிழுமல்ல, மலையாளமுமல்ல. அந்தப் பேச்சைக் கற்றுக்கொண்டு பாடம் நடத்தும் பொறுமை உள்ள ஆசிரியப் பயிற்சி மாணவர் எத்தனை பேர்? நாகர்கோவிலிலிருந்து பேருந்தில் போகும் தூரம். பாஸ்போர்ட் வேண்டாம், அறுபதாயிரம் வேண்டாம். ஆனால் முகநூலில் போட நீலக் கடல் கிடைக்காது. காரணம் அதுதானோ என்று ஐயப்படுகிறேன்.

கருங்கல்_மாணவி எழுதியது:

அண்ணன் கேட்டது நியாயம். ஆனால் கடைசி வரி நியாயமில்லை. முதல் ஆண்டின் நான்கு வாரப் பயிற்சிக்கு எனக்குக் கிடைத்தது குலசேகரத்துக்கு அப்பால் ஒரு மலையடிவாரப் பள்ளி. அணைக்கு அப்பாலிருந்து வந்த பிள்ளைகள் இருவர் என் வகுப்பில் இருந்தார்கள். அங்கேயே தொடர விரும்பி நான் விண்ணப்பம் கொடுத்தேன். பதினாறு வாரத்துக்கு வேறு பள்ளிதான் ஒதுக்கப்பட்டது. நீலக் கடலைப் பற்றி எனக்கு மயக்கம் இல்லை. எங்கள் வீட்டிலிருந்து குறும்பனைக் கடல் சைக்கிள் தூரம்.

வெளியூர்ப் பள்ளி ஒன்று எப்படி நடக்கிறது என்று பார்க்கும் ஆசை எனக்கு இருக்கிறது. அதை மறைக்கவில்லை. கற்பிக்கப் போகிறேன் என்று சொல்வதைவிடக் கற்கப் போகிறேன் என்று சொல்வதே உண்மையோ என்று நாஞ்சில் ஐயா எழுதியதைப் படித்த பிறகு தோன்றுகிறது. மாலத்தீவை விட்டுவிட்டேன், அக்காவுக்கு நன்றி. அறக்கட்டளையிடம் பள்ளியின் கடிதத்தைக் கேட்டிருக்கிறேன். யாழ்ப்பாணத் தீவுகளைப் பற்றி நேரில் அறிந்தவர்கள் யாரேனும் இருக்கிறார்களா?

தீவக_ஆசிரியர் எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். தீவக வலயப் பாடசாலைகளில் பதினொரு வருடம் விஞ்ஞான ஆசிரியராக இருக்கிறேன். அதில் ஐந்து வருடம் நெடுந்தீவில்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். தீவகம் என்று நாங்கள் சொல்வதில் எல்லாத் தீவும் ஒன்றல்ல. வேலணை, புங்குடுதீவு, காரைநகர் போன்றவற்றுக்குக் கடலின் குறுக்கே போடப்பட்ட வீதி வழியாகப் பேருந்திலேயே போகலாம். நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு ஆகிய நான்குக்கும் படகுதான். நெடுந்தீவுக்குப் புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். சோளகக் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, வீசும் மாதங்களில் அந்த ஒரு மணி நேரம் மிக நீளமானது. படகு ஓடாத நாளில் யாழ்ப்பாணத்திலிருந்து வர வேண்டிய ஆசிரியர்கள் வர மாட்டார்கள். பாடவேளைகள் வெறுமையாகப் போகும். அதிகஷ்டப் பிரதேசப் பாடசாலைகள் என்று அரசு வகைப்படுத்தியிருப்பது இவற்றைத்தான். இங்கு நியமனம் பெறுகிற இளம் ஆசிரியர்கள் குறித்த காலம் முடிந்ததும் மாற்றம் பெற்றுப் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, நானும் ஐந்து வருடத்தில் வந்தவன்தான். ஆனால் பிள்ளையின் பக்கத்திலிருந்து பாருங்கள். தரம் 6 இலிருந்து தரம் 11 வரைக்கும் ஒரு பிள்ளை ஐந்து விஞ்ஞான ஆசிரியர்களைக் கண்டுவிடுகிறது. ஆறு வாரம் நின்று போகிற ஒருவர் அந்தப் பட்டியலில் ஆறாவது ஆள்.

இனி, மொழிச் சிக்கல் இராது என்று தங்கை எழுதிய வரிக்கு வருகிறேன். நான் இதை எழுத வந்ததே அந்த வரிக்காகத்தான். மொழி ஒன்று என்பதால்தான் சிக்கல் பெரிது. வேற்று மொழி என்றால் ஒவ்வொரு சொல்லையும் கேட்டுத் தெரிந்துகொள்வீர்கள். தெரிந்த சொல் என்றால் கேட்க மாட்டீர்கள்.

உங்கள் பாடநூலில் கிலோகிராமில் அளப்பது நிறை, நியூட்டனில் அளப்பது எடை. எங்கள் பாடநூலில் கிலோகிராமில் அளப்பது திணிவு, நியூற்றனில் அளப்பது நிறை. நீங்கள் கரும்பலகையில் "பொருளின் நிறை 5 கிலோகிராம்" என்று எழுதினால் உங்கள் ஊரில் அது சரி. இங்கே அதையே விடைத்தாளில் எழுதும் பிள்ளைக்கு அலகு பிழை என்று புள்ளி குறையும். அதேபோல், உங்களுக்கு வேகம் என்பது திசையைக் கணக்கில் கொள்ளாதது, திசையோடு சொன்னால் திசைவேகம். எங்களுக்குத் திசையில்லாதது கதி. வேகம் என்றாலே திசை உண்டு. "வட்டப் பாதையில் மாறா வேகத்தோடு சுற்றும் பொருள்" என்று நீங்கள் எழுதலாம். நாங்கள் எழுதினால் அப்படி ஒரு பொருள் உலகத்தில் கிடையாது, ஏனென்றால் திசை கணந்தோறும் மாறுகிறது. ஒரே சொல், ஒரே எழுத்து. ஒரு கரையில் சரி, மறுகரையில் பிழை.

முற்றிலும் வேறான சொற்கள் இவ்வளவு ஆபத்தானவை அல்ல. முடுக்கம் இங்கே ஆர்முடுகல், அழுத்தம் இங்கே அமுக்கம், ஆற்றல் இங்கே சக்தி, திறன் இங்கே வலு, தனிமம் இங்கே மூலகம், திசு இங்கே இழையம், ஒளிச்சேர்க்கை இங்கே ஒளித்தொகுப்பு, ஆக்சிஜன் இங்கே ஒட்சிசன். பிள்ளைகள் விழிப்பார்கள், நீங்கள் கேட்பீர்கள், தெளிந்துவிடும். கணிதத்தில் கணங்கள் இங்கே தொடைகள், வடிவியல் கேத்திரகணிதம், இயற்கணிதம் அட்சரகணிதம். தலைமையாசிரியரை அதிபர் என்போம், வருகைப் பதிவேட்டை இடாப்பு என்போம். இவை இரண்டு நாளில் பழகிவிடும். நிறையும் வேகமும் பழகாது. அவை உங்கள் நாவில் ஏற்கெனவே பழகியிருக்கின்றன.

எங்கள் கல்வியியற் கல்லூரி மாணவர்கள் மூன்று வருடப் பயிற்சியில் மூன்றாவது வருடம் முழுவதையும் பாடசாலையிலேயே கழிக்கிறார்கள். அவர்களுக்கே முதல் தவணை, நீங்கள் பருவம் என்பது, தடுமாற்றம்தான்.

நீங்கள் வரக் கூடாது என்பதல்ல. வருபவர் ஓர் ஆசிரியரின் வகுப்பில் இரண்டாவது ஆளாக இருக்க வேண்டும். செய்முறைப் பாடத்துக்கு உதவலாம். வாசிப்பில் பின்தங்கிய பிள்ளையின் பக்கத்தில் உட்காரலாம். வரவில்லாத ஆசிரியரின் பாடவேளையைத் தனியே நிரப்பக் கூடாது. நிரப்பினால், அங்கே ஆள் இல்லை என்ற உண்மை வலயக் கல்விப் பணிமனையின் கண்ணில் படாமல் போய்விடும். அத்துடன், சுற்றுலா அனுமதியில் வந்து பாடசாலையில் பணியாற்ற இயலாது, சம்பளமின்றி என்றாலும். அதிபர் விரும்பினாலும் கல்வித் திணைக்களத்தின் எழுத்து மூல அனுமதியின்றி உங்களை வகுப்புக்குள் விட அவருக்கு அதிகாரம் இல்லை. பிள்ளைகளின் முகம் தெரியப் படம் எடுத்து வெளியிடுவதும் வேண்டாம்.

நெய்தல்_குமரி எழுதியது:

தூத்தூர்ப் பக்கத்துக் கடலோர ஊரில் பிறந்து இப்போது எம்.எட். படிப்பவன் நான். ஒருவரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். நெடுந்தீவுப் பிள்ளைகளில் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் நிறைய இருப்பார்கள். தமிழ்நாட்டு மீனவர்கள் கைது என்று நாம் செய்தி படிக்கும்போது பெரும்பாலும் நெடுந்தீவுக் கடல் என்ற பெயர் வரும். கைதானவர்களின் குடும்பத்துக்காக நாம் வருந்துகிறோம், வருந்தத்தான் வேண்டும். அதே கடலில் நம் கரையின் இழுவைப் படகுகள் தரையை அரித்துப் போவதால் வலை அறுந்து வெறுங்கையோடு திரும்பியவர், இந்த மாணவி நடத்தப்போகும் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையின் தகப்பனாக இருக்கலாம். எங்கள் ஊர்க்காரர்கள் ஆழ்கடலில் தூண்டிலும் வலையுமாக வேறு திசையில் போகிறவர்கள். ஆனால் அந்தப் பிள்ளைக்கு அந்த வேறுபாடு தெரிய வேண்டிய கட்டாயம் இல்லை. அதற்கு நாம் எல்லோரும் இந்தியக்காரர்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது நான் பள்ளி மாணவன். புயலுக்குப் பிறகு பல குழுவினர் எங்களைப் பார்க்க வந்து, "உன் மனத்தில் உள்ளதை வரை" என்று தாளும் வண்ணமும் கொடுத்தார்கள். மூன்றாவது குழு வந்தபோது நாங்கள் எதை வரைந்தால் அவர்கள் சீக்கிரம் போவார்கள் என்று தெரிந்துகொண்டிருந்தோம். படகும் அலையும் வரைந்தால் போதும். ஆகவே துயரத்தைத் தோண்டும் பாடத்திட்டம் எதையும் பெட்டியில் வைத்துக்கொண்டு போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தீவக_ஆசிரியர் எழுதியது:

தம்பி சொன்னது முற்றிலும் சரி. நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினிப் படகில் 1985 மே 15 அன்று நடந்த படுகொலையில் உறவினரை இழந்த வீடுகள் அங்கே உண்டு. அந்தப் பிள்ளைகள் படகேறும் ஒவ்வொரு நாளும் அதை நினைப்பார்கள் என்பதில்லை, பாட்டிமார் நினைப்பார்கள். அவர்களாகக் கதைத்தால் கேளுங்கள். இழுவைப் படகு பற்றிப் பிள்ளைகள் நேராகவே கேட்பார்கள்; அப்போது நாட்டுக்காக வாதாட வேண்டாம்.

கோதையாற்றுக்காரன் எழுதியது:

நீலக் கடல் பற்றிய என் வரியை மீட்டுக்கொள்கிறேன். மலைப்பள்ளியில் தொடர விண்ணப்பித்தவரிடம் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் கேள்வி அப்படியே நிற்கிறது: தீவக ஆசிரியர் சொன்ன "இரண்டாவது ஆள்" என்ற ஏற்பாடு நம் மலைப்பள்ளிகளுக்கு ஏன் இல்லை? தேரூரில் உள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனமும் கல்வியியல் கல்லூரிகளும் நினைத்தால் ஆண்டுக்கு இரண்டு பேரையாவது ஒரே பள்ளியில் தொடர்ந்து நிறுத்த முடியாதா?

நாஞ்சில்_வாத்தியார் எழுதியது:

முடியும், முடிந்திருக்க வேண்டும். அதைத் தனி இழையில் பேசுவோம், நானும் வருகிறேன். இங்கே தீவக ஆசிரியரிடம் ஒன்று மட்டும் மாறுபடுகிறேன். வெறுமையாகக் கிடக்கும் பாடவேளையை நிரப்பக் கூடாது என்கிறார். அதிகாரிகளுக்கு உண்மை தெரிய வேண்டும் என்ற அவருடைய காரணம் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தப் பிள்ளைகளுக்கு இந்த ஆண்டு ஒரே முறைதான் தரம் 9 வருகிறது. அந்த நாற்பது நிமிடத்தை அவர்கள் சும்மா உட்கார்ந்து கழித்துத்தான் பணிமனைக்குப் பாடம் புகட்ட வேண்டுமா? என் பணிக்காலத்தில் நான் நிரப்பினேன். பள்ளிக்கு ஆசிரியர் வருவதற்கு ஏழு ஆண்டு ஆயிற்று. நான் நிரப்பியதால்தான் ஏழு ஆண்டு ஆயிற்றோ என்றும் நினைத்திருக்கிறேன். இரண்டில் எது சரி என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

கருங்கல்_மாணவி எழுதியது:

பதினெட்டு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். பயிற்சியின் கடைசி வாரமும் பதிவேடுகளும் சேர்ந்துவிட்டன.

அறக்கட்டளையிடமிருந்து பதில் வந்தது. பள்ளியின் கடிதம் அவர்களிடம் இல்லை. "நீங்கள் அங்கே சேர்ந்த பிறகு ஏற்பாடு செய்துகொள்ளலாம், பெரும்பாலோர் சுற்றுலா விசாவில்தான் போகிறார்கள்" என்று தொலைபேசியில் சொன்னார்கள். எழுத்தில் தர மறுத்துவிட்டார்கள். அறுபதாயிரம் எதற்கு என்ற கேள்விக்கு மூன்று முறை மூன்று பதில் கிடைத்தது. பணம் கட்டவில்லை. அம்மாவிடம் சொன்னபோது நகைப்பெட்டியை அலமாரியில் திரும்ப வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் அடுக்களைக்குப் போனார்.

இடையில் தீவக ஆசிரியர் தனிமடலில் தரம் 9 விஞ்ஞானப் பாடநூலின் பக்கங்களை அனுப்பினார். நான் நம் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் நூலோடு வரிவரியாக ஒப்பிட்டு ஒரு பட்டியல் எழுதத் தொடங்கினேன். இருநூற்றுப் பதினான்கு சொற்கள் வேறுபடுகின்றன. அவற்றில் பத்தொன்பது, அவர் எச்சரித்ததைப் போல, ஒரே சொல்லாக இருந்து பொருள் மாறுபவை. அந்தப் பத்தொன்பதை வைத்து என் பயிற்சிப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பாடவேளை நடத்திப் பார்த்தேன். "கிலோகிராமில் அளப்பதை அங்கே திணிவு என்பார்கள்" என்றதும் ஒரு மாணவன், "அப்படியென்றால் அதுதான் டீச்சர் நல்ல சொல், திணித்து வைத்த பொருள் எவ்வளவு என்று கேட்கிறது" என்றான். நிறைக்கும் எடைக்கும் உள்ள வேறுபாட்டை இதற்கு முன் நான் மூன்று முறை நடத்தியும் அவனுக்கு விளங்கியிருக்கவில்லை.

முறைப்படி போகும் வழியையும் தொடங்கியிருக்கிறேன். தீவக ஆசிரியரின் அதிபர், அவருடைய வகுப்பில் உதவியாளராக ஒரு தவணை இருக்க ஒப்புக்கொள்வதாகத் திணைக்களத்துக்கு எழுதியிருக்கிறார். அனுமதி வர மாதங்கள் ஆகலாம், வராமலும் போகலாம். அதுவரை நம் மலைப்பள்ளியில் சனிக்கிழமைகளில் வாசிப்பு வகுப்புக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். கோதையாற்று அண்ணனுக்கு இது தெரியட்டும். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கிய கப்பல் ஓடும் காலமாக இருந்தால் அதிலேயே போய்விடலாம் என்று அப்பா இப்போதே கணக்குப் போடுகிறார்.

தீவக ஆசிரியரிடம் ஒரு கேள்வி: அனுமதி கிடைத்தால் செய்முறைப் பாடத்துக்கு நான் எதைக் கொண்டுவர வேண்டும்? சுருள்வில் தராசு அங்கே ஆய்வகத்தில் இருக்கிறதா?

தீவக_ஆசிரியர் எழுதியது:

நாங்கள் அதை விற்றராசு என்போம். உங்கள் இருநூற்றுப் பதினான்கோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆய்வுகூடத்தில் ஒன்று இருக்கிறது. உப்புக் காற்றில் வில் துருப்பிடித்து, எதைத் தொங்கவிட்டாலும் மூன்று நியூற்றனே காட்டுகிறது. இரண்டு கொண்டுவாருங்கள். அளவுகோடுகள் நியூற்றனில் இருக்கட்டும், கிலோகிராமில் வேண்டாம்.